கண்டதைக் கண்டபடி கூறல்

நாடோறும் நமக்கு நேரும் நிகழ்ச்சிகள் பல. அவற்றைப் பிறரிடத்தும் நம் நெஞ்சினிடத்தும் சொல்லிக்கொள்ளுகிறோம். அங்ஙனம் சொல்லுங்கால் நாம் கூறுவது நிகழ்ச்சியையா, அன்றி அதன்மேல் நாம் அளித்த தீர்ப்பையா என்பது ஆராயத்தக்கது.

நமக்கு நேர்ந்ததொன்றைக் கூறுவோம். கலாசாலைத் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட நண்பரொருவர்க்கு வணக்கங் கூறினோம். அவர் மறுமொழியின்றிச் சென்றார். அன்று மாலை விடுதியில், "செருக்கால் நம்மை அவமதித்தான்" என்றோம். பத்து நாள் அவரோடு பேசினோமில்லை. தம் அன்னையார் நோயுற்ற செய்தியை அன்று காலையிலேதான் அவர் கேட்டிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். துணை வேண்டியிருந்த அப்பத்து நாளும் அவரைத் தனியே விட்டுவிட்டோம். நம் கண் கண்டது, ஒருவர் தலைகுனிந்து பேசாது நடந்ததொன்றே. செருக்கும் அவமதிப்பும் நம் மனம் புனைந்தவை.

இவ்வேறுபாட்டை அறிந்து பேசுதலை ஒரு பயிற்சியாகவே வகுத்தவர், சியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலை உளநூற் பேராசிரியராயிருந்த மார்ஷா லினெஹன் அம்மையார். தற்கொலை எண்ணத்தால் நலிவுறுவோர்க்கென அவர் அமைத்த சிகிச்சைமுறை 1993-இல் நூலாக வெளிவந்தது. தாமும் இளமையில் மனநோயால் வருந்தி மருத்துவமனையிலிருந்ததை 2011-இல் அவர் உலகறியக் கூறினார். ஜென் பௌத்தத் தியான மரபினின்றும் அவர் கொண்ட விழிப்புணர்வுப் பயிற்சியில் செய்யத்தக்கன மூன்று: உற்று நோக்கல், சொல்லால் விவரித்தல், முழுதும் ஈடுபடல். செய்யும் விதமும் மூன்று: நன்று தீதென்று தீர்ப்பிடாமை, ஒருமனப்படுதல், பயன்நோக்கிச் செய்தல்.

நோக்காததை விவரித்தல் இயலாது. பிறருள்ளத்தை நாம் காணோம். ஆதலின் "அவர் என்னை வெறுக்கிறார்" என்பது விவரணமன்று. "அவர் வெறுக்கிறாரென்னும் எண்ணம் என்னுள் எழுகிறது" என்பதே விவரணம். தேர்வில் தவறிய மாணவர் "நான் மூடன்" என்பாராயின் அச்சொல்லோடு வழி அடைபடும். "நூற்றுக்கு 28 எண் பெற்றேன், நெஞ்சு கனக்கிறது, நாணமும் துயரமும் உள, மூடனென்னும் எண்ணம் மீண்டும் மீண்டும் வருகிறது" என்பாராயின், எவ்வினாக்களிற் குறைந்தோமெனக் காணும் அமைதி பிறக்கும்.

இஃது ஆராய்ச்சியாலும் ஓரளவு வலியுறுகின்றது. 2007-இல் லாஸ் ஏஞ்சலீஸ் கலிபோர்னியா சர்வகலாசாலையில் மாத்யூ லீபர்மனும் துணைவரும் ஒரு சோதனை செய்தனர். அச்சம், சினம் முதலியன தோன்றும் முகப்படங்களுக்கு உணர்ச்சிப் பெயரிட்டோரிடத்து, அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் எழுச்சி தணிந்தது. 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், சிலந்திக்கு அஞ்சுவோர் சிலர் தம் அச்சத்தைச் சொல்லிக்கொண்டே அதனை எதிர்கொண்டனர். ஒரு வாரத்திற்குப் பின் அவர்க்கே, அச்சத்தாற் கை வியர்த்தல் ஏனையோரினுங் குறைந்திருந்தது.

உணர்ச்சிகளைப் பகுத்துப் பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடு எட்டெனக் கொண்டு ஒவ்வொன்றும் நான்கு காரணத்தாற் பிறக்குமென்கின்றது. அதன் நோக்கம் செய்யுளேயாயினும், அச்சம் வேறு, வெகுளி வேறு, இளிவரல் வேறெனப் பிரித்துரைக்கும் சொற்கள் நம்மிடம் உள.

அற்றேல், நன்மை தீமையைப் பகுத்தறிதலை விடல்வேண்டுமோ எனின், வேண்டா. தீமையை ஏற்றுக்கொள்ளல் இதன் கருத்தன்று. முதலிற் சாட்சியம், பின்னரே தீர்ப்பு என்பதே முறை. தமக்கிழைக்கப்பட்ட தீங்கை முறையிடுவோரும், வசைமொழியை விடுத்து, நாளும் இடமும் செயலுங் காட்டி உரைப்பின் கேட்போர்க்கு உண்மை விளங்கும்.

மாணவ நண்பர்காள்! இன்றிரவு ஒரு நிகழ்ச்சியை ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள். 'எப்பொழுதும்', 'ஒருபோதும்', 'நல்லவன்', 'கெட்டவன்' என்பன போன்ற சொற்களை அடித்துவிட்டு, எஞ்சியதைப் படியுங்கள். நாமும் அந்நண்பரிடம் அன்றே, "நீர் பேசாது சென்றீர், எமக்கு வருத்தமாயிற்று, நேர்ந்ததென்ன?" என்று வினவியிருப்போமாயின், அப்பத்து நாளும் அவரருகில் இருந்திருப்போம்.