கொக்கி முடியாம வால் வராது!

நாகரசம்பட்டி பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போற அண்ணன் யாரையாவது கேட்டுப் பாருங்க. "முந்தின ஸ்டேஷன்ல வேலை முடியாம அடுத்த பார்ட் லைனுக்கு வரக்கூடாது"ன்னு சொல்வாரு. வந்தா இடம் அடைக்கும், காசு முடங்கும். இதே விதி பாக்டீரியாவுக்குள்ளேயும் இருக்கு.

காய்ச்சல் வந்தா எடுக்கிற விடால் டெஸ்ட் ரிப்போர்ட்டில் 'ஓ', 'எச்' என்று இரண்டு எழுத்து பார்த்திருப்பீங்க. அந்த 'எச்' என்பது, டைபாய்டு கிருமியான சால்மொனெல்லா நீந்தப் பயன்படுத்தும் வாலுக்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி. அந்த வாலின் பெயர் கசையிழை.

கசையிழைக்கு மூன்று பாகம்: செல் சவ்வில் பதிந்த மோட்டார், அதன்மேல் வளைந்த கொக்கி, வெளியே நீளும் இழை. இதைக் கட்ட 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேண்டும். இழைக்கு மட்டுமே ஃபிளாஜெலின் என்ற புரதம் ஆயிரக்கணக்கில் செலவாகும். கொக்கி முடியும் முன்னாடியே அதைத் தயாரிச்சா எல்லாம் வீண். அதனால் வேலை மூன்று கட்டமாக நடக்குது.

முதல் கட்டம்: சூழல் சரியாக இருந்தால் எஃப்எல்எச்டிசி என்ற தலைமைப் புரதம் உருவாகும்.

இரண்டாம் கட்டம்: அது மோட்டார், கொக்கி மரபணுக்களை இயக்கும். கூடவே இரண்டு புரதங்கள் வரும். இழை மரபணுக்களைத் தொடங்கி வைக்கும் சிக்மா-28 ஒன்று. அதைக் கட்டிப் பிடித்து வைக்கும் எஃப்எல்ஜிஎம் இன்னொன்று.

மூன்றாம் கட்டம்: கொக்கி சுமார் 55 நானோமீட்டர் வளர்ந்ததும், மோட்டாருக்குள் இருக்கும் ஏற்றுமதிக் குழாய் ஆளை மாற்றும். இனி கொக்கிப் புரதம் போகாது. எஃப்எல்ஜிஎம் அதே குழாய் வழியே வெளியே போய்விடும். பிடி விட்டதும் சிக்மா-28 வேலையைத் தொடங்கும், ஃபிளாஜெலின் குவியும். 1993-இல் கெல்லி ஹியூஸ் குழு இதைக் கண்டுபிடித்தது.

கவனிச்சீங்களா? கொக்கி முடிந்த சேதியை மரபணுக்களுக்குச் சொல்லத் தனி தூதர் கிடையாது. பொருள் போகும் குழாயே சேதியைச் சொல்லிவிடுது!

நிறுத்துவதும் இதே அளவுக்கு முக்கியம். ஃபிளாஜெலினைக் கண்டதும் நம் செல்களின் டிஎல்ஆர்-5 அபாய மணி அடிக்கும். அதனால் டைபாய்டு கிருமி குடல் திசுக்குள் நுழையும்போது, டிவிஐஏ என்ற புரதத்தால் வால் உற்பத்தியைக் குறைத்து ஒளிந்துகொள்கிறது.

கடைசியா ஒண்ணு. பழைய தொற்று, தடுப்பூசி காரணமாகவும் 'எச்' பாசிட்டிவ் வரலாம். ஹாஸ்டலில் காய்ச்சல் விடாம அடிச்சா, அந்த ஒரு எழுத்தை நம்பி நீங்களே மாத்திரை வாங்காதீங்க. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் பிளட் கல்ச்சர் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்க.