திமில் வைத்த மாடுகள்

ஒன்பதாம் வகுப்பில் நடுகல் பற்றிப் பாடம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு குறை இருந்தது. தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தார்கள். அவற்றுள் ஒன்று, கூடல் என்னும் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவர்தலில், இறந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. இவ்வளவு பக்கத்தில் நடந்த செய்தி, மாணவர்களுக்கு ஒரு மதிப்பெண் வினாவாக முடிந்துபோயிற்று.

சென்ற ஆண்டு கம்பம் திருவிழாக் கடையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒரு பாக்கெட் கண்ணில் பட்டன. விரல் நீளப் பொம்மைகள். கையில் துப்பாக்கி, தலையில் இரும்புத்தொப்பி. இவர்களை வெட்சி, கரந்தை வீரர்களாக மாற்றினால் என்ன என்று தோன்றியது. பொம்மைப் படையை மேசையில் நிறுத்தி விதிகளோடு ஆடுவது ஒன்றும் புதிதல்ல. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று இதற்கொரு விதிப்புத்தகமே எழுதினார். (அடுத்த ஆண்டே உண்மையான உலகப்போர் வந்துவிட்டது.) அந்தப் பொம்மைகளை வெட்டி, ஒட்டி, வேறு காலத்து வீரர்களாக மாற்றி வண்ணம் தீட்டுவது பல நாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு.

முதல் முயற்சி தோல்விதான். வாங்கிய அன்றே போஸ்டர் கலரை எடுத்துப் பூசினோம். மறுநாள் தொட்டவுடன் வெங்காயச் சருகுபோல உரிந்து வந்தது. இந்த வகை மென்பிளாஸ்டிக்கில் நிறம் நேரடியாகப் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஃபெவிகாலில் சிறிது தண்ணீர் கலந்து ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவிட வேண்டும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கலந்து இரண்டு முறை பூசினால் நிற்கிறது. கெட்டியாக ஒரே பூச்சாகப் பூசினால் முகமே மறைந்துவிடும். கடைசியில் பழுப்பு நிறத்தை மிக நீர்த்துத் தடவினால் அது மடிப்புகளில் மட்டும் தங்கி நிழலாகும். இந்த ஒரு வேலையில் சிப்பாய்க்கு உயிர் வந்துவிடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

துப்பாக்கிகளை நானே பிளேடால் அறுத்தேன். அதை மாணவரிடம் கொடுக்க வேண்டாம். துப்பாக்கி இருந்த கையில் தென்னை ஈர்க்குச்சி வேலாயிற்று. எம்-சீல் பிசைந்து தொப்பியின்மேல் குடுமி வைத்தோம். பாதிப் புளியங்கொட்டை கேடயமானது. சங்க இலக்கியத்தில் ‘தோல்’ என்ற சொல்லுக்கே கேடயம் என்ற பொருள் உண்டு என்று தமிழாசிரியை சொன்னார்; அதனால் அதற்குத் தோல் நிறம்.

இங்கேதான் பாடம் தொடங்கியது. ஒரு வீரனை நிறம் பூசி முடிக்க வேண்டுமானால் அவன் காலில் என்ன இருந்தது, இடுப்பில் என்ன, தலையில் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் விடை வேண்டும். புலிமான்கோம்பைக் கற்களில் எழுத்து மட்டுமே உண்டு, உருவம் இல்லை. பிற்காலத்துச் செங்கம் நடுகற்களில் உருவம் உண்டு, ஆனால் அவை பல நூற்றாண்டு பிந்தியவை. எனவே கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ‘அறிந்தது’, ‘ஊகித்தது’ என்று எழுதினோம். காலில் கழல், இலக்கியச் சான்று உண்டு: அறிந்தது. வேட்டியின் நிறம்: ஊகித்தது. நிரை கவர்வோர் வெட்சிப்பூவும் மீட்போர் கரந்தைப்பூவும் சூடுவர் என்பது அறிந்தது. வெட்சி சிவப்பு, கரந்தை ஊதா. இரு அணிக்கும் நிறம் தானாகக் கிடைத்துவிட்டது. “சார், கல்லுல இருக்கிற கூடல் ஊர் நம்ம கூடலூர்தானா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நீண்ட விவாதத்துக்குப் பின் அதையும் இரண்டாம் பக்கத்தில்தான் எழுதினோம். வீரன் யார் வழி வந்தவன் என்ற பேச்சு ஒருநாள் எழுந்தபோதும் பலகையைத்தான் காட்டினேன். கல் சொல்வது பெயர், ஊர், நிகழ்வு, அதற்குமேல் இல்லை.

மாடுகளுக்கு வருவோம். பொம்மை மாடு 7 செ.மீ. உயரம் இருந்தது. சிப்பாய் 5 செ.மீ., மனிதன் 165 செ.மீ. என்றால் விகிதம் 1:33. அப்படியானால் அந்த மாடு 231 செ.மீ.! வகுப்பே சிரித்தது. பல கடை ஏறி 3.5 செ.மீ. மாடுகளைப் பிடித்தோம். அவற்றைக் கருப்பு வெள்ளைத் திட்டாக நானே அழகாகத் தீட்டி வைத்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் வராத மாணவன் ஒருவன் உண்டு. மலைமாடு மேய்க்கும் குடும்பம். தந்தையோடு மேய்ச்சலுக்குப் போய்விடுவான். வாசிப்பில் தடுமாறுவதால் கடைசி பெஞ்சில் பேசாமல் இருப்பான். அன்று எழுந்து வந்து ஒரு மாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். “இது சீமை மாடு சார். திமிலே இல்ல. கொம்பும் பத்தாது.” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தனையையும் அவனிடம் கொடுத்தேன். எம்-சீலில் திமில் வைத்தான், கம்பி வளைத்துக் கொம்பு செய்தான், செவலை, மயிலை, காரி, வெள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுத்தான்.

ஆட்டவிதியையும் அவனே திருத்தினான். ஒரு முறைக்கு வீரன் 10 செ.மீ., மாடு 6 செ.மீ. நகரும் என்று வைத்திருந்தேன். “வெரட்டுனா செதறிப்போகும் சார். முன்னத்தி மாட்டப் புடிச்சாத்தான் மத்தது பின்னால வரும்” என்றான். முன்னத்தி மாடு யாரிடமோ அவருக்கே மந்தை என்று விதியை மாற்றினோம். பிறகு ஆடியபோது, மந்தையோடு போகிறவன் துரத்தி வருபவனைவிட எப்போதும் மெதுவாகவே போக வேண்டியிருந்தது. யாராவது பின்தங்கி வழியை மறித்து நின்றால்தான் மற்றவர் தப்ப முடியும். நடுகல் யாருக்கு எடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லாமலே பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். அந்த விடையும் ‘ஊகித்தது’ பக்கத்தில்தான் இருக்கிறது.

போரை விளையாட்டாக்கலாமா என்று உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் வீழ்த்திய வீரனுக்குப் புள்ளி இல்லை. மந்தைக்கு மட்டுமே புள்ளி. வீழ்ந்த வீரன் இருந்த இடத்தில் ஒரு கூழாங்கல் நட வேண்டும். வீழ்த்திய அணி அதில் அவன் பெயரைத் தமிழியில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் வகுப்பில் பெரும்பாலோர்க்கு அந்த எழுத்துகள் பழகிவிட்டன. வாசிக்கத் தடுமாறும் அந்த மாணவனும் ஐந்து கல் எழுதியிருக்கிறான். ஒன்றில் எழுத்து தலைகீழ்.

அவன் இன்னமும் வாரத்தில் ஒருநாள் வருவதில்லை. அடுத்த பிரிவுக்காக வாங்கிய பன்னிரண்டு மாடுகள் திமில் இல்லாமல் அலமாரியில் இருக்கின்றன. திங்கட்கிழமை வந்து செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.