இருதய ஸ்கானுக்குப் போகுமுன்: எந்தக் குளிசையை எடுப்பது, எதை நிறுத்துவது?

தெற்காசியர்களாகிய எமக்கு இருதய நோயும் நீரிழிவும் ஏனையோரைவிட இளவயதிலேயே வருகின்றன என்பதை வைத்தியர்கள் நன்கறிவர். ஆகவே எம்மில் பலர் என்றோ ஒருநாள் இருதய ஸ்கானுக்குப் போகவேண்டி வருகிறது. இருதயம்வரை குழாய் செலுத்தாமலே செய்யப்படும் இச்சோதனைகள் பொதுவாகப் பாதுகாப்பானவை. ஆனால் நாம் அன்றாடம் எடுக்கும் மருந்துகள் சில, படத்தைப் பிழையாக்கக்கூடும். சில ஆபத்தையும் தரலாம். அவற்றை இங்கு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இரத்த ஓட்ட ஸ்கான்

நடைப் பட்டியில் வேகமாக நடக்க முடியாதவர்களுக்கு அடினோசின், டைபிரிடமோல் அல்லது ரெகடெனோசன் என்னும் மருந்தை ஊசி மூலம் ஏற்றி, இருதய நாளங்களை விரியச் செய்து படமெடுப்பார்கள். தேநீர், கோப்பி, கோலா, சொக்லேட் ஆகியவற்றிலுள்ள கஃபீன் இம்மருந்தின் வேலையைத் தடுத்துவிடும். அப்போது நாளத்தில் அடைப்பு இருந்தும் படத்தில் தெரியாமற் போகலாம். "ஒரு வாய்த் தேத்தண்ணிதானே" என்று குடித்துவிட்டுப் போவது இதனாற்றான் ஆபத்து. வழக்கமாக 12 முதல் 24 மணித்தியாலம்வரை இவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். கஃபீன் நீக்கிய கோப்பியிலும் சிறிதளவு உண்டு. பனடோல் எக்ஸ்ட்ரா போன்ற வலிக் குளிசைகளிலும் கஃபீன் இருக்கிறது.

ஆஸ்துமாவுக்கு எடுக்கும் தியோபிலினும் கஃபீனைப் போலவே தடுக்கும். பாரிசவாதத்தின் பின் கொடுக்கப்படும் டைபிரிடமோல் குளிசையோ ஊசி மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த ஊசி மருந்துகளால் மூச்சிறுக்கம் வரலாம். எனவே இவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

2. பீட்டா புளொக்கர் குளிசைகள்

அட்டெனோலோல், மெட்டோபுரோலோல், பைசோபுரோலோல் என்பன இருதயத் துடிப்பைக் குறைப்பவை. நடைப் பட்டிச் சோதனைக்குத் துடிப்பு ஏற வேண்டும் என்பதால், சிலருக்கு இவற்றை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். சீ.டி. ஸ்கானுக்கோ துடிப்பு மெதுவாக இருக்க வேண்டும். அங்கே இதே குளிசையைப் புதிதாகவும் கொடுப்பார்கள். ஆகவே அயல்வீட்டுக்காரருக்குச் சொன்னது எமக்குப் பொருந்தாது. இவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு வலியும் மாரடைப்பும்கூட வரலாம். வைத்தியர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

3. சீ.டி. ஸ்கான்

நாளங்கள் விரிய நாக்கின்கீழ் நைட்ரோகிளிசரின் கொடுப்பதுண்டு. வயாகரா போன்ற மருந்தை முதல்நாள் எடுத்திருந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். சியாலிஸ் எடுத்தவர்களுக்கு இவ்வாபத்து 2 நாள்வரை நீடிக்கும். பிள்ளையோ மருமகளோ மொழிபெயர்க்க அருகில் நிற்கும்போது இதைச் சொல்ல வெட்கப்படுவது இயல்பே. அப்படியானால் தாதியிடம் தனியாகச் சொல்லுங்கள். உயிரைவிட வெட்கம் பெரிதல்ல.

படத்துக்காக ஏற்றப்படும் அயடீன் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமானவர்கள் மெட்போர்மினை நிறுத்தி, 48 மணித்தியாலத்தின் பின் இரத்தச் சோதனை செய்து திரும்பத் தொடங்கும்படி கேட்கப்படுவார்கள்.

4. எம்.ஆர்.ஐ. ஸ்கான்

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டிகள் சிலவற்றின் பின்புறத்தில் உலோகம் உண்டு. அது சூடேறித் தோலைச் சுடலாம் என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. ஒட்டியிருக்கும் பட்டியைப் பற்றி உள்ளே போகுமுன் சொல்லுங்கள்.

வெறுவயிறும் இன்சுலினும்

விரதம் இருந்து பழகிய எமக்குச் சில மணித்தியாலம் சாப்பிடாமலிருப்பது பெரிதல்ல. ஆனால் வழக்கமான அளவில் இன்சுலினைப் போட்டுவிட்டு வெறுவயிற்றோடு போனால் சீனி இறங்கி மயக்கம் வரும். அன்றைய அளவை முதலே கேட்டறிய வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

எடுக்கும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, பெயர், அளவு, நேரம் என மூன்று நிரலாக ஒரு தாளில் எழுதி வைப்போம். வைத்தியசாலைக் கடிதம் வந்ததும் பிள்ளைகள் அதைப் பெற்றோருக்கு முழுமையாகத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். விளங்காததைக் கடிதத்திலுள்ள இலக்கத்துக்குத் தொலைபேசியில் கேட்போம். மறந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்வோம். சோதனையை இன்னொரு நாளுக்குத் தள்ளலாம். பிழையான படத்தை நம்பி வீடு திரும்புவதே பெரும் இழப்பு.

எல்லோரும் நலமுடன் வாழ இறைவன் அருள் கிட்டுவதாக.