பிள்ளை கண்ணால் படிக்கும் பாடம்



சென்ற மாதம் ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன், கழுவி வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டான். வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை அதில் குடித்ததை அவன் பார்த்திருந்தான். "இப்படிச் செய்ய யாரப்பா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன். "யாரும் சொல்லவில்லை, சுவாமி. எங்கள் வீட்டில் அவர்களுக்குத் தனி டம்ளர்" என்றான்.

பிறரைச் சிநேகிக்க வேண்டும் என்ற கற்பனையை அதே பிள்ளை தவறாமல் ஒப்பிப்பான். வாயால் படித்த பாடத்தைக் கண்ணால் படித்த பாடம் வென்றுவிட்டது.

வளர்ப்பும் சூழலும் மனிதனை எவ்வளவு உருவாக்குகின்றன? இதை ஆராய நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1878-ல் தொரப்பள்ளியில், கிராம முனிசீப்பின் மகனாகப் பிறந்தவர் இராஜாஜி. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். ஆசாரமான வைணவக் குடும்பம் அது. அவர் ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் படித்து, சேலத்தில் வக்கீலானார்.

முதலாவது, வீடு தந்தது எளிதில் போகாது. இதிகாசங்களில் அவருக்கிருந்த பற்று முதுமைவரை நீடித்தது. பாரதத்தையும் இராமாயணத்தையும் எளிய தமிழில் எழுதினார்.

இரண்டாவது, வீடு தந்தது விலங்கும் அல்ல. 1933-ல் அவர் மகள் லட்சுமி, காந்தியடிகளின் மகன் தேவதாசை மணந்தார். சாதி வேறு, இருவரையும் பல ஆண்டுகள் காத்திருக்கச் செய்த பிறகே பெற்றோர் இசைந்தனர். 1939-ல், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டோர் ஆலயங்களுக்குள் செல்ல அவரது அரசு சட்டப் பாதுகாப்பு அளித்தது.

மூன்றாவது, அறிவாளிக்கும் மறைவான இடம் உண்டு. 1953-ல் அவர் கொண்டுவந்த திட்டப்படி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இடமும் பணமும் போதாத நிலையில் அதிகப் பிள்ளைகள் படிக்க இது வழி என்றார் அவர். "குலக்கல்வி" என்று நாடு கொதித்தது. 1954-ல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. முனிசீப்பு வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியாத வலி, செருப்புத் தைப்பவரின் வாசலில் தெரிந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

இதைப் பிறர்மீது குற்றமாகச் சொல்லவில்லை. நான் வளர்ந்த வீட்டிலும் தனி டம்ளர் இருந்தது. குருமடத்தில் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்தபோதுதான் என் உள்ளத்தில் இருந்த கூச்சம் எனக்கே தெரிந்தது. அதற்கு வெட்கப்பட்டேன், அந்த வெட்கமே திருந்தத் துவக்கமாயிற்று.

ஆகவே பெற்றோர்களே, "காலம் கெட்டுவிட்டது, பிள்ளை என்ன செய்வான்?" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் முதல் சூழல் நீங்களே. இளைஞர்களே, "என்னை வளர்த்த விதம் அப்படி" என்று சாக்குச் சொல்லாதீர்கள். வளர்ப்பு தொடக்கம், முடிவு உங்கள் கையில்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் நெடுங்காலமாகக் கலந்து வாழும் எல்லை இது. தொழிற்சாலைகள் வந்தபின் இந்தி பேசுவோரும் ஒடியா பேசுவோரும் நம் அயலாராயினர். அவர்களைப் பற்றி இரவுச் சாப்பாட்டின்போது நம் வீட்டில் என்ன பேசுகிறோம்? பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இவ்வாரப் பயிற்சி: உங்கள் வீட்டிலும் அந்தத் தனி டம்ளர் இருந்தால், பிள்ளைகள் பார்க்க அதை மற்ற டம்ளர்களோடு சேர்த்து வையுங்கள்.

உங்கள் பங்குச் சுவாமியார்