கதிரை காலியானால் வேலை வருமா?

முள்ளியவளையில் தேநீர்க்கடையில் இருந்தாலும் செத்தவீட்டுப் பந்தலில் இருந்தாலும் ஒரே கதைதான்: "கிழடுகள் கதிரையை விடாததாலதான் எங்கட பெடியளுக்கு வேலையில்லை." கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

இது சரியா பிழையா என்ற பரீட்சை நம் இலங்கையிலேயே நடந்து முடிந்தது. 2022 ஜனவரியில் அரச ஊழியரின் கட்டாய ஓய்வு வயது 65 ஆனது. அதே ஆண்டு இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அதை 60க்கு இறக்கினார்கள். 60ஐத் தாண்டியிருந்த பல்லாயிரம் பேர் டிசம்பர் 31உடன் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கதிரைகளில் பெடியளை இருத்தினார்களா? புதிய ஆட்சேர்ப்பைத் திறைசேரி அதற்கு முன்பே நிறுத்திவிட்டதே! ஆளணியும் காசும் ஒதுக்காமல் கதிரை காலியானால், அது காலிக் கதிரைதான்.

பிரான்ஸ் 1983இல் ஓய்வு வயதை 65இலிருந்து 60க்குக் குறைத்தது. இளைஞரின் வேலையின்மை அங்கே தீரவில்லை. 12 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து குரூபர், வைஸ் என்ற பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட நூலும், முதியவர் விலகுவதால் இளையோருக்கு வேலை கூடியதற்குச் சான்றில்லை என்கிறது.

நட்டம் யாருக்கு என்பதையும் பாருங்கள். போரால் படிப்பும் நியமனமும் பிந்தி 45 வயதில் அரச சேவைக்குள் வந்தவருக்கு, 60இல் 15 வருடச் சேவைதான் கணக்கு. பென்சனும் அந்தக் கணக்குப்படிதான். அவரையா கிழடு என்கிறீர்கள்?

அடுத்தது, "55 ஆனால் கொம்பனி அனுப்பிவிடும்." அது பழைய வழக்கம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடங்களில், 2021இன் 28ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது. அப்போதே 52ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் படிப்படியாகக் குறைந்த வயது.

"ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கும் வயது வந்தால் வேலை முடிந்தது" என்பதும் பிழை. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்பது காசு எடுக்கும் வயது.

என் கோபம் வேறிடத்தில். நம் பக்கத்து அரிசி ஆலை, கடை, மேசன் வேலைகளில் பலருக்கு ஈ.பி.எஃப். இலக்கமே கிடையாது. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் முதலாளி 12 வீதமும், ஊழியர் சம்பளத்திலிருந்து 8 வீதமும் கட்டியாக வேண்டும். அடுத்தவர் கதிரையை எண்ணுவதை விட்டு, இந்த மாதச் சம்பளம் வாங்கும்போது உங்கள் இலக்கத்தைக் கேளுங்கள். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.