ஒல்லியான உடம்பில் சர்க்கரை

போளூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து அவருடைய சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகவே இரவோடு இரவாக எழுத உட்கார்ந்தேன். 162 சென்டிமீட்டர் உயரம், 44 கிலோ எடை என்று நீயே குறித்திருக்கிறாய். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார். ஏறக்குறைய 16.8 வரும். 18.5க்குக் கீழே வந்தாலே எடை போதாமல் இருக்கிறது என்று பொருள். அவரை அரைவயிறாக வைக்க வேண்டாம். எதைச் சாப்பிடலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம் இவற்றில் ஏதாவது தென்பட்டால், இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். பாட்டிக்கு இருந்தது, அப்பாவுக்கு வந்தது, எனக்கும் வருமா? சாமையும் களியும் தின்று, மலை ஏறி இறங்கிய உடம்புக்கு இது எப்படி வந்தது?

வயிற்றுக்குப் பின்னால் கிடக்கிறது கணையம். அதற்குள் ஏறத்தாழ பத்து லட்சம் சின்னத் திட்டுகள். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் அவற்றை முதலில் கண்டு எழுதினார். அத்தனையையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் இருப்பது அங்கேதான்.

பீட்டா செல்லை மடை காக்கும் ஆளாக நினைத்துக்கொள். சோறு செரித்து ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறியதும், செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸை குளுக்கோகைனேஸ் என்ற நொதி பிடிக்கிறது. எவ்வளவு வந்திருக்கிறது என்று அளந்து சொல்வது அந்த நொதிதான். குளுக்கோஸ் எரிந்து சக்தியாகிறது. சக்தி பெருகியதும் செல்லின் சவ்விலுள்ள பொட்டாசியம் வாசல் அடைபடுகிறது, கால்சியம் வாசல் திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்த வேகத்தில், இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் வெளியே கொட்டுகின்றன. இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு மரபணு நடத்துகிறது. குளுக்கோகைனேஸுக்கான மரபணு ஒன்று பிசகினாலே போதும், பிறந்ததிலிருந்தே சர்க்கரை கொஞ்சம் ஏறி நிற்கும்.

கொட்டிய இன்சுலின் தசைக்கும் கல்லீரலுக்கும் போய், குளுக்கோஸை வாங்கிக்கொள் என்று சொல்ல வேண்டும். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு படிந்தவர்களுக்கு அந்தச் சொல் காதில் விழுவதில்லை. இன்சுலின் எதிர்ப்பு என்பது இதுதான். தீட்டிய அரிசி, மைதா, எண்ணெய்ப் பலகாரம், உட்கார்ந்த வேலை எல்லாம் அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன. காது மந்தமானவரிடம் உரக்கப் பேசுவதைப்போல, பீட்டா செல் இரண்டு பங்கு, மூன்று பங்கு சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். எத்தனை ஆண்டு அப்படித் தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உடல் பருத்தவர்களில் பலருக்குச் சர்க்கரை வராமலே போவது அவர்களுடைய பீட்டா செல் தாங்குவதால்தான்.

நீ கேட்ட பரம்பரைக் கணக்கு இங்கேதான் வருகிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்கான மரபணுக்களை உலகமெங்கும் தேடியபோது, கொழுப்பையும் தசையையும் சார்ந்தவை நிறைய அகப்படும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அகப்பட்டவற்றில் பெரும்பாலானவை பீட்டா செல்லையே சுட்டின. அவற்றில் வலுவானது டிசிஎஃப்7எல்2. ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் அதைக் கண்டார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதன் பாதகமான வடிவம் வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, இருவரிடமிருந்தும் வந்திருந்தால் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நம் மக்களிடமும் இந்தத் தொடர்பைப் பார்த்தார்கள். வலுவானதே இவ்வளவுதான் செய்கிறது என்பதைக் கவனி. பாட்டியிடமிருந்து உனக்கு வந்திருப்பது சாய்வு மட்டுமே, தீர்ப்பு இல்லை.

எவ்வளவு சாய்வு என்பதற்கு உங்களைப் போன்ற ஒரு மலைக்குடியின் கதையைச் சொல்கிறேன். பிமா என்ற பழங்குடியினரில் ஒரு பிரிவு அமெரிக்காவின் அரிசோனாவிலும், இன்னொரு பிரிவு மெக்சிகோவின் சியெரா மாத்ரே மலையில் மைகோபா என்ற ஊரிலும் வாழ்கிறது. வம்சம் ஒன்றுதான். மலையில் இருப்பவர்கள் மக்காச்சோளமும் அவரையும் பயிரிட்டு உடம்பால் உழைத்தார்கள். அரிசோனாவில் இருப்பவர்கள் கடைத் தீனிக்கும் வாகனத்துக்கும் மாறிவிட்டார்கள். 2006இல் வந்த ஆய்வின்படி, மலையில் நூற்றுக்கு 6.9 பேருக்கு நீரிழிவு, அரிசோனாவில் 38 பேருக்கு. நம் ஜவ்வாது மலையிலும் பல வீடுகளில் உரலும் உலக்கையும் மூலைக்குப் போய், ரேஷன் அரிசி மூன்று வேளையும் அடுப்பில் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மைகோபா நினைவுக்கு வரும். பசியைத் தீர்த்தது அந்த அரிசிதான், அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். தட்டில் அதற்குத் துணையாகப் பருப்பும் முட்டையும் வந்து சேரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஆனால் இந்தக் கதை உன் அப்பாவுக்குப் பொருந்தாது. அவர் பருக்கவே இல்லை. அவருக்கு விளக்கம் நம் பக்கத்திலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. ஒல்லியான ஏழைகளுக்கு வரும் ஒருவகை நீரிழிவை 1955இலேயே ஜமைக்காவில் ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். 1985இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குத் தனி இடம் கொடுத்தது, சான்று போதாது என்று 1999இல் எடுத்தும்விட்டது. அப்புறம் இவர்களைக் கேட்பார் இல்லை. வேலூரில் டாக்டர் நிஹால் தாமஸும், நியூயார்க்கிலிருந்து டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் சேர்ந்து அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்தார்கள்.

காவலூர்த் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்த அன்று, தொட முடியாத நட்சத்திரத்தை எப்படி சார் அளக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? உயிரோடு இருக்கும் மனிதனின் பீட்டா செல்லும் அப்படித்தான், எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் ரத்தத்தில் இன்சுலினையும் குளுக்கோஸையும் ஒருசேர ஏற்றி, சர்க்கரை ஒரே அளவில் நிற்கும்படி மணிக்கணக்கில் பிடித்து வைக்கிறார்கள். அப்படி நிறுத்த எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்பட்டதோ, அதுதான் உடம்பு இன்சுலினை எவ்வளவு கேட்கிறது என்பதற்கு அளவு. சர்க்கரையை மட்டும் உயர்த்திப் பிடித்தால் கணையம் எவ்வளவு சுரக்கிறது என்பது தெரியும். 2022இல் வெளியான முடிவு இது: இந்த ஒல்லியானவர்களின் தசை இன்சுலினை நன்றாகவே கேட்கிறது, கல்லீரலில் கொழுப்பும் குறைவு, சுரப்புதான் போதவில்லை. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது.

சுரப்பு ஏன் போதவில்லை? மனிதனுக்குப் பீட்டா செல்கள் பெருகுவது பெரும்பாலும் கருவிலும், பிறந்த முதல் சில ஆண்டுகளிலும்தான். அந்த நாட்களில் தாயும் பிள்ளையும் பட்டினி கிடந்தால் கணையம் குறைந்த கையிருப்போடு நின்றுவிடுகிறது என்றே கருதுகிறார்கள். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ஹாலந்தில் கருவில் இருந்தவர்களுக்கு, ஐம்பது வயதில் சர்க்கரையைத் தாங்கும் திறன் குறைந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள். உன் அப்பா பிறந்த வருடம் மழை பொய்த்து, காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றதாகப் பாட்டி என்னிடமே சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் மூன்று தலைமுறை பசித்திருந்தால் மூன்று தலைமுறைக்கும் சர்க்கரை வரலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதைப் பரம்பரை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவருக்கு இதுதான் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஒல்லியானவருக்கு முதல் வகையும் வரலாம். கணையத்தில் கல் சேர்ந்து வரும் நீரிழிவும் தமிழ்நாட்டில், கேரளத்தில் உண்டு. சி-பெப்டைடு, ஜிஏடி ஆன்டிபாடி என்ற ரத்தப் பரிசோதனைகளையும் வயிற்று ஸ்கேனையும் பற்றி மருத்துவரிடம் கேள். இன்சுலின் வேண்டும் என்றால் பயப்படாமல் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் இவர்களுடைய உடம்பு இன்சுலினை நன்றாகக் கேட்கும் என்பதால் அளவு கூடிவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். சாப்பிடாமல் காட்டுக்குப் போகக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி: அரிசியைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, கொள்ளு, முட்டை, கீரை, வேர்க்கடலை என்று நிரப்புங்கள். சாமை நல்லதுதான். மருந்து என்று நினைத்துத் தட்டு நிறையக் கொட்டிக்கொண்டால் அதுவும் மாவுச்சத்துதான். கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்பதில் தவிடும் நாரும் போய்விட்டிருக்கும். நீங்கள் உரலில் குத்தியெடுக்கும் பழுப்புச் சாமைக்கு அது ஈடாகாது.

உனக்கு வருமா என்று கேட்டாயே. வருடம் ஒருமுறை சோதித்துக்கொள், எடை குறையாமல் பார்த்துக்கொள், பந்தாட்டத்தை விடாதே. பதினேழு வயதில் இதற்கு மேல் கவலைப்பட ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ஜமுனாமரத்தூரிலிருந்து முதல் பேருந்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு வா. போளூரில் நிற்கிறேன், மூவருமாக வேலூர் போவோம். பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்து வை. அக்கா நாலு மாசம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாயே, அவளுக்குத் தினம் ஒரு முட்டையாவது கிடைக்கிறதா என்று பார். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வீட்டில் எல்லோருமாகப் பங்கு போட்டுவிடாதீர்கள், அவளே சாப்பிடட்டும். அவள் வயிற்றில் இப்போதுதான் அந்தத் திட்டுகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

அன்புடன்,
உன் பழைய உயிரியல் ஆசிரியர்