நெல்லையில் உச்சிப்பொழுது எப்போது?

பள்ளி முற்றத்தில் நேரான குச்சி ஒன்றை நட்டு, அதன் நிழலைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தரையில் குறித்து வருவோம். நிழல் மிகவும் குறுகி நிற்கும் கணமே நமக்கு உச்சிப்பொழுது. அது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் அது சராசரியாக 12 மணி 19 நிமிடத்திற்கே வருகிறது. பிப்ரவரி நடுவில் 12-33 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12-03க்கு முந்திக்கொள்ளும். ஆலயத்தில் நண்பகல் செப மணி ஒலிக்கும்போது சூரியன் இன்னும் உச்சியை எட்டியிருப்பதில்லை.

காரணம் எளிது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. இந்திய நேரம் மிர்சாப்பூர், காக்கிநாடா ஆகிய ஊர்களின் அருகே செல்லும் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. நம் ஊர் அதற்கு மேற்கே ஏறத்தாழ 4.8 பாகையில் உள்ளது. பெருக்கிப் பார்த்தால் 19 நிமிடம் கிடைக்கும். நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குள்ளேயே வேறுபாடு உண்டு. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலில் உச்சிப்பொழுது வந்து, ஏறத்தாழ மூன்று நிமிடம் கழித்துத்தான் பாபநாசத்தில் வரும். நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள். 24 நிமிடம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். ஆகையால் அன்று ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நேரம் இருந்தது. அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இடைஞ்சல் இரயிலோடு வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு இரயில் அட்டவணை அச்சிட முடியுமா? சென்னை வானாய்வுக்கூடத்தின் கடிகாரம் காட்டிய 'மதராஸ் நேரம்' இரயில்களுக்குப் பொது நேரமாயிற்று. பம்பாய் நேரம் அதற்கு அரைமணி பின்னே, கல்கத்தா நேரம் அரைமணிக்குச் சற்று அதிகமாக முன்னே. மதராஸ் இரண்டுக்கும் நடுவில் இருந்ததே அதன் சிறப்பு. 1906இல் இந்திய நேரம் வந்தபோது சென்னைக் கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்ததோடு சரி. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை! விடுதலைக்குப் பின்னும் ஒரே நாட்டில் இரு நேரங்கள் இருந்தன என்பதை இன்று நம்புவது கடினம்.

இனிப் 'பகல் சேமிப்பு நேரம்' என்பதற்கு வருவோம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்து, மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பெறும் ஏற்பாடு இது. 1895இல் இதை முன்மொழிந்த நியூசிலாந்துக்காரர் ஜார்ஜ் ஹட்சன் பூச்சிகளைச் சேகரிப்பவர். வேலை முடிந்தபின் அதற்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. 1916இல் போர்க்காலத்தில் ஜெர்மனி இதைச் சட்டமாக்க, பிற நாடுகள் பின்பற்றின. இலண்டனில் கோடைப்பகல் பதினாறரை மணி நேரம், குளிர்காலப்பகல் எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. ஆகவே அங்கே சேமிக்கப் பகல் இருக்கிறது. நெல்லையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரமே வித்தியாசம். நாம் எதைச் சேமிப்பது?

ஆயினும் இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியா முழுவதும் கடிகாரம் ஒரு மணி முன்னே வைக்கப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த ஆண்டுகளில் பொங்கல் சமயம் நெல்லையில் சூரியன் உதிக்கும்போது மணி 7-37. உச்சிப்பொழுது பிற்பகல் 1-28. காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பியவர் இருட்டில்தான் நடந்திருப்பார்.

வெயில் மிகுந்த இடங்கள் இதை விரும்பாததற்கு ஆஸ்திரேலியா சான்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுகிறது. அதற்கு வடக்கே உள்ள குவீன்ஸ்லாந்து 1992இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி மறுத்துவிட்டது. ஆகவே எல்லையில் ஒட்டியிருக்கும் ட்வீட் ஹெட்ஸ், கூலங்கட்டா என்ற இரட்டை ஊர்களில் கோடை வந்தால் தெருவைக் கடந்தாலே ஒரு மணி வித்தியாசம்.

அது விருப்பத்தால் வந்த வித்தியாசம். நமக்கு அக்கரையில், இலங்கையில், போரால் வந்தது. 1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களின் தேக்கங்கள் வற்றின. மின்சாரத்தை மிச்சப்படுத்த அவ்வாண்டு மே மாதம் அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அக்டோபரில் அரைமணி குறைத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதியோ பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. 2002இல் போர்நிறுத்தத்திற்குப்பின் ஏ-9 நெடுஞ்சாலை திறந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா செல்பவர் முகமாலையில் அரைமணியைப் பின்னே தள்ளி, ஓமந்தை தாண்டியதும் மீண்டும் முன்னே தள்ள வேண்டியிருந்தது. ஒரே மொழி, ஒரே சாலை. நடுவே கிளிநொச்சியில் மட்டும் வேறு நேரம். கைக்கடிகாரத்தைப் பார்த்தே யாருடைய ஆட்சியில் நிற்கிறோம் என்று அறியலாம்.

இதில் பிள்ளைகள் பட்டதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் பள்ளிகள் காலை ஏழரைக்கே தொடங்குபவை. புதிய நேரப்படி தை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகும். தொலைவிலிருந்து நடந்து வரும் சிறுமி இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். போர் நடந்த நாட்டில் அது சிறு கவலையன்று. 2006 ஏப்ரலில் அரசு இந்திய நேரத்திற்கே திரும்பியது. அங்கு வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், வெளிநாட்டுத் தொடர்புகளுக்கு இது தொல்லை என்று அதை எதிர்த்தார். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை எண்ணும்போது அவர் பக்கம் சேர எங்களுக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டிலும் இவ்வழக்கு தீரவில்லை. டிசம்பர் 22ஆம் நாள் நெல்லையில் சூரியன் மறைவது 6-06க்கு. அசாமின் திப்ருகரில் 4-21க்கு. அங்கே ஜூனில் காலை நாலேகாலுக்கே விடிந்துவிடும். ஆகையால் அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து வேலை செய்யும் 'பகான் நேரம்' வெள்ளையர் காலந்தொட்டு வழக்கில் உள்ளது. 2018இல் டில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், வடகிழக்கு மாநிலங்களுக்குத் தனி நேரம் வைக்கலாம் என்று ஒரு திட்டத்தை வெளியிட்டது. இரு நேரங்களுக்கு இடையே இரயில்கள் குழம்பி மோதிக்கொள்ளும் என்பதே பெரிய தடையாகச் சொல்லப்படுகிறது. அதற்கு ஆய்வகம் தந்த விடை: எல்லைக்கோட்டை அசாமும் வங்காளமும் சந்திக்கும் குறுகிய இடத்தில் வைத்தால், நியூ கூச்பிகார், அலிபுர்துவார் ஆகிய இரு நிலையங்களில் மட்டும் கடிகாரத்தை மாற்றிக்கொண்டால் போதும். மத்திய அரசு அதை ஏற்கவில்லை.